முதுகுக்கு ஏற்ற மெத்தை: வாங்கவும் தெரியணும், வளர்க்கவும் தெரியணும்

பண்ணையோட சொத்துக் கணக்கை எழுதச் சொன்னால் நிலம், கிணறு, மோட்டார், மாடு, தென்னை என்று வரிசையாக எழுதுவோம். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி எழுதப்பட்ட விவசாயக் கடன் விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தர்கூட ‘முதுகு’ என்று எழுதியதில்லை. ஆனால் மற்ற எல்லாச் சொத்தும் அந்த ஒரு சொத்தை நம்பித்தான் இருக்கிறது. மோட்டார் நின்றால் மெக்கானிக் வருவார். மாடு படுத்தால் கால்நடை மருத்துவர் வருவார். இடுப்பு பிடித்துக்கொண்டு நாமே படுத்துவிட்டால் அன்றைக்குக் களையெடுக்க, தண்ணி கட்ட, பால் கறக்க யாரைக் கூப்பிடுவது? கூலி கொடுக்கிறேன் என்றாலும் ஆள் கிடைக்காத காலம் இது.

அதிலும் நம்மைப் போல இயற்கை வழியில் செய்கிறவர்களுக்குக் குனிவதும் தூக்குவதும் கொஞ்சம் கூடுதல். களைக்கொல்லி அடிப்பதில்லை, அதனால் குனிந்துதான் களை எடுக்க வேண்டும். 200 லிட்டர் பேரலில் ஜீவாமிர்தம் கலக்கி, குடம் குடமாக மொண்டு ஊற்றுகிறோம். 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பி முதுகில் மாட்டினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. தொழுவுரம் அள்ளுவது, மூடாக்குப் பரப்புவது எல்லாமே இடுப்பு வேலை. பகல் முழுக்க இப்படித் தேய்கிற முதுகுக்குப் பராமரிப்பு நடக்கிற நேரம் ராத்திரி. அந்தப் பராமரிப்பு எதன் மேல் நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ராத்திரியில் முதுகில் என்ன நடக்கிறது?

முதுகெலும்பு ஒரே கம்பி மாதிரி நேராக இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் முன்வளைவு, நெஞ்சுப் பகுதியில் பின்வளைவு, இடுப்பில் மறுபடி முன்வளைவு. எலும்புக்கு எலும்பு நடுவே மெத்து மெத்தென்ற தட்டு இருக்கிறது. டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். பெரியவர்களுக்கு இந்தத் தட்டுக்குள் ரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது.

பகலில் நிற்கும்போதும் சுமக்கும்போதும் தட்டு அமுங்கி அதில் உள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். படுத்ததும் அழுத்தம் குறைகிறது, தட்டு மறுபடி நீரை இழுத்துக்கொள்கிறது. வறண்ட மண்ணில் ராத்திரி பாய்ச்சல் விடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நம் உயரத்தை அளந்தால் முந்தின நாள் சாயங்காலத்தைவிட சுமார் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலே கூடியிருக்கும். சந்தேகம் இருந்தால் சுவரில் பென்சில் கோடு போட்டுப் பாருங்க.

இந்த வேலை ஒழுங்காக நடக்க இரண்டு விஷயம் வேண்டும். முதுகின் இயல்பான வளைவுகள் கெடாமல் உடம்பு தாங்கப்பட வேண்டும். தசைகள் தளர வேண்டும். மெத்தை குழி விழுந்திருந்தால் இடுப்பு உள்ளே இறங்கிவிடுகிறது. தரை ரொம்பக் கட்டாந்தரையாக இருந்தால் இடுப்புக்குக் கீழே தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது, தோளும் பிட்டமும் மட்டும் பாரத்தைச் சுமக்கின்றன. இரண்டிலும் தசைகள் ராத்திரி முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். தூங்கி எழுந்தும் அசதி போகவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கட்டாந்தரையா, பஞ்சணையா?

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“சார், இடுப்பு வலிக்குதுன்னா வெறுந்தரையில படுன்னு எல்லாரும் சொல்றாங்க. மூணு மாசமாப் படுத்துப் பாக்குறேன். எந்திரிக்கும்போது இன்னும் பிடிக்குதே?”

“தம்பி, தரை உங்களுக்கு ஒத்துக்கலைன்னு உங்க முதுகே சொல்லுது. நீங்க ஊரைக் கேக்காம அதைக் கேளுங்க.”

இது அவர் ஒருத்தர் பிரச்சினை இல்லை. முதுகு வலி என்றால் கெட்டியான படுக்கைதான் மருந்து என்று டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். ஸ்பெயின் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை எடுத்து, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தையும் பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகமாகக் குறைந்தது, அன்றாட வேலையில் சிரமமும் குறைந்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அந்த முடிவு வெளிவந்தது.

இதை வைத்துப் பாயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாயில் படுத்து வலியில்லாமல் எழுகிறவர் தாராளமாகப் பாயிலேயே படுக்கலாம். கோரைப்பாய் நம் வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வலி உள்ளவர் பாய்க்கு மேலே இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் தோட்டத்து வீட்டில் தரையில் படுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது அதன் வழக்கம். கடி வலிக்காது, பல நேரம் தடமும் தெரியாது. அதனால் தோட்டத்தில் தங்குகிறவர்கள் எந்த மெத்தையாக இருந்தாலும் கட்டிலில் போட்டு, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்க.

கயிற்றுக் கட்டில் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றோட்டத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. மத்தியானம் அரை மணி நேரம் சாய அருமையானது. ராத்திரி முழுக்கப் படுப்பதானால் கயிறு தொய்யாமல் மாதம் ஒரு முறை இழுத்துக் கட்டணும். தொய்ந்த கட்டிலில் உடம்பு தொட்டில் மாதிரி வளைந்துவிடும்.

படுத்துப் பார்த்து வாங்குவது எப்படி?

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். மெத்தைக் கடையில் மட்டும் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பணம் கொடுத்துவிடுகிறோம். கூச்சப்படாமல் படுத்துப் பாருங்க. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் மணி நேரம் படுக்கணும். அப்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்க. கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்கு ரொம்பக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாமல் உடம்பு புதைந்தால் ரொம்ப மெத்து. லேசாக உரசிக்கொண்டு கை போனால் சரி.

2. ஒருக்களித்துப் படுங்க. கூட வந்தவரைக் கால்மாட்டில் நின்று உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்க. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை முதுகுத் தண்டு தரைக்குச் சமமாக, நேர்கோடாக இருக்கணும். நடுவில் தொங்கினால் மெத்தை மெத்து. தோள் அமுங்காமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் கெட்டி.

3. புரண்டு படுங்க. சிரமமில்லாமல் புரள முடியணும். சேற்றில் கால் மாட்டின மாதிரி இழுத்தால் அந்த மெத்தை வேண்டாம்.

4. எழுந்து ஓரத்தில் உட்காருங்க. கட்டில், மெத்தை இரண்டும் சேர்ந்த உயரம் உங்கள் முழங்கால் அளவுக்கு இருந்தால் எழுவது சுலபம். மூட்டு வலி உள்ளவர்கள் இதை முக்கியமாகப் பார்க்கணும்.

5. நீளம் உங்கள் உயரத்தைவிட அரை அடியாவது கூட இருக்கணும். 72 அங்குல மெத்தை ஐந்தரை அடி ஆளுக்குப் போதும். ஆறடி ஆள் 78 அங்குலம் கேளுங்க.

உடல் எடை கூடினவருக்குக் கொஞ்சம் கெட்டியானதும், ஒல்லியானவருக்குக் கொஞ்சம் மெத்தானதும் பொருந்தும். கணவன் மனைவி எடையில் ரொம்ப வித்தியாசம் இருந்தால் ஒரே பெரிய மெத்தையைவிட இரண்டு ஒற்றை மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்லது. வெயிலில் தூக்கிப் போடவும் அதுதான் வசதி.

‘ஆர்த்தோ’ என்று மெத்தை மேல் எழுதியிருப்பார்கள். அந்த வார்த்தை இருப்பதாலேயே உங்கள் முதுகுக்கு அது ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கெட்டியான மெத்தைக்குத்தான் அந்தப் பெயர் வைக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து சோதனையும்தான் உங்களுக்கு அத்தாட்சி.

எந்தப் பொருளில் என்ன இருக்கிறது?

*ஃபோம்:* பெட்ரோலியத்திலிருந்து வருகிற பாலியூரித்தேன். லேசானது, மலிவானது. காற்றோட்டம் குறைவு, அதனால் நம் ஊர் வெக்கையில் முதுகு வேர்க்கும். புதிதில் ஒரு நெடி இருக்கும். வாங்கினால் இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டுப் படுங்க. இதன் தரம் அடர்த்தியில் இருக்கிறது. கடைக்காரர் 32 என்றோ 40 என்றோ சொன்னால், ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்று பொருள். அவர் சொல்வது உண்மையா என்று தராசை வைத்தே கண்டுபிடிக்கலாம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனம் உள்ள மெத்தை 6 கன அடி, அதாவது 0.17 கன மீட்டர். 40 அடர்த்தி என்றால் ஃபோம் மட்டும் 6.8 கிலோ இருக்கணும். 32 என்றால் சுமார் 5.4 கிலோ. மேலுறையைச் சேர்த்தே 4 கிலோதான் வருகிறது என்றால் உங்களிடம் காற்றை விற்கிறார்கள். லேசான ஃபோம்தான் சீக்கிரம் குழி விழும்.

*தென்னை நார்:* முறுக்கிய நாரை விரித்து, ரப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூட்டில் பதப்படுத்திச் செய்வது. நாருக்கு நடுவே காற்று ஓடும், வேர்க்காது. இயல்பிலேயே கெட்டியானது. அதை மட்டும் வாங்காமல் மேலே ஒரு அங்குலப் பஞ்சு விரிப்பு சேர்த்தால் நடுத்தரத்துக்கு வந்துவிடும். நம் தென்னை விவசாயிகளின் நாருக்கு மதிப்புக் கூடுகிற பொருள் என்பதும் ஒரு நன்மை. நாளாக ஆக நார் ஒடிந்து தூசி உதிரத் தொடங்கும். கட்டிலுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் தூள் கிடந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

*ரப்பர் பால் மெத்தை:* லேட்டக்ஸ் என்பார்கள். அமுங்கி உடனே மீளும், ரொம்ப நாள் உழைக்கும். விலையும் எடையும் அதிகம். ‘இயற்கை’ என்று சொன்னால் எத்தனை சதவீதம் மரத்துப் பால், எத்தனை சதவீதம் செயற்கை ரப்பர் என்று எழுத்தில் கேளுங்க. நம் விளைபொருளை இயற்கை என்று விற்க நம்மிடம் பி.ஜி.எஸ். சான்று கேட்கிறார்கள் இல்லையா? லேட்டக்ஸுக்கு ஜி.ஓ.எல்.எஸ்., பருத்தித் துணிக்கு ஜி.ஓ.டி.எஸ். என்று சான்றுகள் உண்டு. நாமும் கேட்கலாம்.

*ஸ்பிரிங்:* காற்றோட்டம் உண்டு. கம்பி தொய்ந்தால் சரிசெய்ய வழியில்லை, மொத்தமாக மாற்றணும்.

*பருத்தி:* கெட்டியான மெத்தை. வேர்வையை உறிஞ்சும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் போடாவிட்டால் கட்டி தட்டிப்போகும். பெரிய வசதி என்னவென்றால் சில வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி அதே பஞ்சில் தைத்துக்கொள்ளலாம்.

*இலவம் பஞ்சு:* இதைத் தனியாகவே பார்ப்போம். நாமே விளைவிக்கக்கூடிய மெத்தை இது.

ஒரு மரம், ஒரு வருஷம், ஒரு மெத்தை

இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான குழாய். மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அத்தனை லேசு, தண்ணீரும் சட்டென்று ஒட்டாது. உயிர்காப்பு மிதவைச் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் நூல் நூற்க வராது, மெத்தைக்கும் தலையணைக்கும்தான் சரி. நம் மாநிலத்தில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கம் இந்தப் பஞ்சுக்குப் பேர்போனது.

நன்கு முதிர்ந்த ஒரு மரம் வருஷத்துக்கு 300, 400 காய் தரும். அதிலிருந்து 15 கிலோ அளவுக்குப் பஞ்சு எடுக்கலாம். 6 அடிக்கு 3 அடி ஒற்றை மெத்தைக்கு 12 முதல் 15 கிலோ பஞ்சு தேவைப்படும். கணக்கைப் பாருங்க: ஒரு மரம், ஒரு வருஷம், ஒரு மெத்தை. வேலியோரம் நாலு மரம் இருந்தால் குடும்பத்துக்கே ஆச்சு, மகளுக்கும் கொடுத்தனுப்பலாம்.

விதையிலும் வரும், கிளையை வெட்டி நட்டாலும் வரும். நாலைந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கி, முழு மகசூலுக்கு இன்னும் சில வருஷம் எடுக்கும். கிளை எளிதில் ஒடியக்கூடிய மென்மரம். வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வைக்காதீங்க. வேலி ஓரமும் பொட்டல் ஓரமும் போதும். வேனில் தொடங்கும்போது இலை உதிர்ந்து, காய் பழுப்பு நிறமாகிவிடும். பங்குனி, சித்திரையில் வெடிப்பதற்கு முன் பறிக்கணும். இலவு காத்த கிளி மாதிரி காத்திருந்தால் பஞ்சு காற்றோடு போய்விடும்.

பறித்த காயை வெயிலில் காயவைத்து உடைத்தால் பஞ்சு தனியாகக் கழன்று வரும். பருத்தியில் விதையோடு இழை ஒட்டியிருக்கும். இலவில் அப்படி இல்லை, விதை பஞ்சுக்குள் சும்மா கிடக்கும். வலை அடித்த அறையிலோ பெரிய கூடையிலோ போட்டுக் குச்சியால் அலசினால் விதை அடியில் உதிர்ந்துவிடும். விதையை முழுசாக நீக்கணும். மெத்தைக்குள் விதை தங்கினால் எலியும் வண்டும் தேடி வரும். இந்த வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்க. இளைப்பு உள்ளவர்கள் பக்கமே வர வேண்டாம்.

மரம் இல்லாதவர்கள் கடையில் பஞ்சு வாங்கினால் கலப்படத்தைப் பார்க்கணும். மில் கழிவுப் பஞ்சும், பழைய மெத்தையில் பிரித்த பஞ்சும், பாலியெஸ்டர் இழையும் கலப்பது நடக்கிறது. மூன்று சோதனை போதும். ஒன்று, ஒரு பிடியைக் கையில் இறுக்கி விடுங்க. இலவு பட்டு மாதிரி வழுக்கி உடனே உப்பும். இரண்டு, ஒரு வாளித் தண்ணீரில் போடுங்க. இலவு மிதந்துகொண்டே இருக்கும். வெளுத்த கழிவுப் பஞ்சு நனைந்து முழுகும். மூன்று, நாலு இழையை மட்டும் எடுத்து வெளியே வைத்துக் கொளுத்துங்க. பஞ்சு சாம்பலாகும். செயற்கை இழை உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். பஞ்சை எடை போட்டுக்கொண்டு, நம் கண் முன்னால் அடைக்கச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது.

தைக்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்க. துணி நெருக்கமான நெசவாக இருக்கணும், இல்லையென்றால் இழை வெளியே கசியும். பஞ்சு மூலை வரைக்கும் சமமாகப் பரவணும். மேலிருந்து கீழ் வரை ஊடுருவும்படி அங்கங்கே நூல் குத்தி இழுத்துக் கட்டணும், அப்போதுதான் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காது. இந்த மெத்தையில் கெட்டித்தனம் நம் கையில் இருக்கிறது. முதலில் 12 கிலோ அடைத்துப் படுத்துப் பாருங்க. கை வைத்துப் பார்க்கிற சோதனையில் ரொம்பப் புதைந்தால் ஒரு பக்கத் தையலைப் பிரித்து இரண்டு கிலோ சேருங்க. கடை மெத்தையில் இந்தச் சலுகை கிடைக்காது.

இதற்குக் குறை இல்லாமல் இல்லை. படுத்த இடத்தில் நாளடைவில் குழி விழும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகவும், மாதம் ஒரு முறை மேல் கீழாகவும் திருப்புங்க. வாரம் ஒரு முறை முடியாவிட்டாலும் மாதம் இரண்டு முறையாவது வெயிலில் போடுங்க. ஈரம் போய்ப் பஞ்சு உப்பும், மெத்தைப் பூச்சிகளின் தொல்லையும் குறையும். சில வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து உதறி, தூளானதை நீக்கி, புதுப்பஞ்சு சேர்க்கணும். நீக்கிய பஞ்சு நேராக உரக்குழிக்குப் போகலாம். ஃபோமை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இலவம் பஞ்சு நெருப்பு பட்டால் குப்பென்று பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள், தலைமாட்டில் விளக்கு, படுத்துக்கொண்டு பீடி, எதுவும் கூடாது.

தலையணையும் படுக்கும் விதமும்

நல்ல மெத்தையை உயரமான தலையணை கெடுத்துவிடும். மல்லாந்து படுப்பவருக்குத் தலையணை தாழ்வாக இருக்கணும், தாடை நெஞ்சைத் தொடக் கூடாது. ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் நுனிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு உயரம் வேண்டும்.

இடுப்பு வலி உள்ளவர்கள் மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்க. ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்க. இடுப்பில் இழுக்கிற இழுப்பு குறைவது அன்று ராத்திரியே பலருக்குத் தெரியும். குப்புறப் படுத்தால் கழுத்து ராத்திரி முழுக்கத் திரும்பியே இருக்கும், இடுப்பும் வளையும். அந்தப் பழக்கத்தை மெல்ல விட்டுவிடுங்க.

வீட்டில் கட்டில் யாருக்கு?

நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் யார் செய்கிறார்கள்? பெண்கள். நாள் முழுக்கக் குனிந்த முதுகு அவர்களுடையது. நம் பல வீடுகளில் கட்டிலும் மெத்தையும் ஆணுக்கு, அடுப்பங்கரை ஓரத்தில் ஒரு பழம்பாய் பெண்ணுக்கு. “எனக்கு எதுக்குங்க, நான் எங்க வேணா படுத்துக்குவேன்” என்று அவர்களும் சொல்லிவிடுவார்கள். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் ஒரு மெத்தைதான் வாங்க முடியும் என்றால் யார் முதுகு அதிகம் குனிந்ததோ அவருக்கு முதலில் வாங்குங்க. கடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

பழைய மெத்தைக்கு ஒரு நிமிஷப் பரிசோதனை

உங்கள் மெத்தை இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரான மூங்கில் குச்சியும் அளவுகோலும் போதும். விரிப்பை எடுத்துவிட்டுக் குச்சியை மெத்தையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்கே வையுங்க. நீங்கள் படுக்கிற இடத்தில் குச்சிக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை அளங்க. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் பஞ்சு மெத்தையைப் பிரித்துத் தைக்கணும், ஃபோமை மாற்றணும். கட்டில் பலகையையும் பாருங்க. பலகை வளைந்திருந்தால் மெத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு அடையாளம்: சொந்தக்காரர் வீட்டில் படுத்தால் வலி இல்லை, நம் வீட்டில் எழுந்தால் வலி என்றால் படுக்கைதான் காரணமாக இருக்கும்.

செலவுக் கணக்கும் போட்டுவிடுவோம். உதாரணத்துக்கு 9,000 ரூபாய் மெத்தை, 8 வருஷம் உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2,920 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு மூன்று ரூபாய் சொச்சம். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு நாள் வேலை போனால் எவ்வளவு நஷ்டம் என்பதை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்க. அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய மெத்தை வாங்கச் சொல்ல மாட்டேன். விலை ஏறினால் முதுகுக்கு நல்லது என்று எந்தக் கணக்கும் இல்லை.

எழுந்த முதல் ஒரு மணி நேரம்

ராத்திரி தட்டு நீரை இழுத்து உப்பியிருக்கிறது என்று பார்த்தோம். அந்த நிலையில் சட்டென்று குனிந்தால் அதன் மேல் விழுகிற அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். நாம் எழுந்த உடனே என்ன செய்கிறோம்? சாணி அள்ளக் குனிகிறோம், தீவனக் கட்டைத் தூக்குகிறோம். இந்த வரிசையை மாற்றுங்க. எழும்போதே ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்க. முதல் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம், நடந்து செய்கிற வேலையைப் பாருங்க: வரப்பைச் சுற்றுவது, வாய்க்காலைப் பார்ப்பது, மாட்டை மாற்றிக் கட்டுவது. குனிவதும் தூக்குவதும் அப்புறம். பால் கறக்கக் குனிந்து நிற்காமல் முக்காலி போட்டு உட்காருங்க. நல்ல மெத்தையில் சேர்த்ததைக் காலை ஐந்து மணிக்கே செலவழித்துவிட வேண்டாம்.

மெத்தையால் தீராத வலியும் உண்டு. வலி காலுக்கு இறங்கி மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது, கீழே விழுந்தபின் வந்த கடும் வலி, இதெல்லாம் இருந்தால் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்க. மூத்திரம், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இந்த வாரம் செய்ய இரண்டு வேலை சொல்கிறேன். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு படுக்கையையும் மூங்கில் குச்சி வைத்து அளந்துவிடுங்க. வருகிற மழைக்கு வேலியோரம் நாலு குழி எடுத்து இலவு வையுங்க. அது காய்க்க நாலைந்து வருஷம் ஆகட்டும். அப்போதும் நாம் குனிந்து களை எடுத்துக்கொண்டுதானே இருக்கப் போகிறோம்.